சனிக்கிழமை எண்ணெயும் ஜப்பான் பயில்வானும்

எனக்கு ஜப்பான் பாஷை தெரியும் என்று தென்காசி முழுக்க நம்பியது. நம்ப வைத்தவன் நான்தான், வேறு யாரைக் குறை சொல்ல? பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். பன்னிரண்டு சைக்கிள். சாயங்காலம் வண்டிகள் திரும்பி வந்ததும் வரிசையாக நிறுத்தி, "இச்சி, நி, சான், சி, கோ" என்று உரக்க எண்ணுவேன். எதிர் டீக்கடையில் இருப்பவர்கள் கிளாசைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் எண்ணுவது. இல்லாவிட்டால் பன்னிரண்டு சைக்கிளை எண்ண ஒரு மனிதன் தொண்டை கிழியக் கத்த வேண்டுமா என்ன?

நான் மலேயாவில் ஆறு வருஷம் இருந்தவன். அதில் மூன்றரை வருஷம் ஜப்பான்காரன் கைக்குள். அங்கே நான் கற்ற ஜப்பான் மொழி மொத்தத்தையும் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். ஒன்றிலிருந்து பத்து வரை எண்கள். 'பக்கேரோ' என்று ஒரு வசவு. குனிந்து கும்பிடச் சொல்லும் உத்தரவு ஒன்று. அசையாமல் விறைத்து நிற்கச் சொல்லும் உத்தரவு ஒன்று. தீர்ந்தது. எதையும் பலகையில் எழுதிப் படிக்கவில்லை, கன்னத்தில் வாங்கிப் படித்தது. அதனால்தான் மறக்கவும் இல்லை.

அண்ணனும் நானும் சேர்ந்துதான் கப்பல் ஏறினோம். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மதினியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, "ரெண்டே வருசம், வந்துருவேன்" என்றான். சண்டை வந்தது. ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்திலிருந்து எங்களை லாரியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, சயாம் காட்டுக்குள் ரயில் பாதை போடக் கொண்டு போனார்கள். அங்கே ஒரு ஆடி மாதம் காலராவில் அண்ணன் செத்துப் போனான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். பக்கத்தில் என்றால் பத்தடி தூரம்.

எல்லாம் முடிந்து, வருகிற நாளை மட்டும் தந்தியில் சொல்லிவிட்டு, நான் தனியாகத் தென்காசி ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். சொல்ல வேண்டிய ஒரே வாக்கியத்தைக் கப்பலில் இருந்தே மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். மதினி தலை நிறைய பிச்சிப்பூ வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எனக்குப் பின்னால் ரயில் பெட்டியின் வாசலையே பார்த்தாள். "உங்க அண்ணன எங்க தம்பி?" என்றாள்.

"பொறத்தால வாரான் மதினி" என்றேன். மனப்பாடம் செய்தது ஒன்று, வாயில் வந்தது ஒன்று.

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் என்பார்கள். என் கணக்கு அதைத் தாண்டிவிட்டது. கப்பல் கிடைக்கவில்லை என்றேன். காகிதம் சரியில்லை என்றேன். சயாம் காட்டுக்குள் யாரோ ஒரு தமிழர் கடை வைத்திருப்பதாகக் கேள்வி, அது நம்மாளாகத்தான் இருக்கும் என்றேன். பதினோரு வருஷம் போயிற்று. எனக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தார்கள். மதினி எங்களோடேயே இருந்தாள், பூவும் பொட்டுமாக. நடுக்கூடத்தில் அண்ணனுடைய படம் தொங்கியது. பினாங்கு ஸ்டுடியோவில் இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு எடுத்தது. மாலை போடாத படம். ஆடி அமாவாசைக்கு நான் குற்றாலம் போய் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது, ஐயரிடம் மெதுவாகச் சொல்லி, அண்ணன் பெயருக்கும் ஒரு கை சேர்த்து விடுவேன். அது எனக்கும் அந்த ஐயருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கையில்தான் ஜப்பானிலிருந்து ஒரு பயில்வான் தென்காசிக்கு வந்து சேர்ந்தார். திருவாங்கூர்ச் சீமையிலிருந்து செங்கோட்டை நம்ம பக்கம் வந்து சேர்ந்ததற்கு மறுவருஷம், ஆடி மாதம். குற்றாலத்தில் நல்ல சாரல், ஊர் முழுக்க வெளியூர்க் கூட்டம். கூட்டம் இருக்கிற இடத்தில் குஸ்தி போட்டால் வசூலாகும் என்று மதுரையிலிருந்து ஒரு காண்ட்ராக்டர் வேனோடு வந்து இறங்கினார். சுவரெல்லாம் நோட்டீஸ். அதில் ஜப்பான்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, மனுஷனைப் பிய்த்துத் தின்கிற தோரணையில் நின்றார். எதிராளி நம்ம அச்சன்புதூர் பயில்வான். நெல் மண்டியில் ஆளுக்கு ஒரு மூட்டை தூக்கினால் இவன் இரண்டு தூக்குவான். மூளை மட்டும் ஒரு மூட்டைக்கும் குறைவு. ஜெயித்தால் இலஞ்சி முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு, ஊரெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டும் திரிந்தான்.

காண்ட்ராக்டர் நேராக என் கடைக்கு வந்தார். கூட இருந்த மொழிபெயர்ப்பாளன் மதுரையிலேயே கழன்றுகொண்டானாம். "அண்ணாச்சிக்கு ஜப்பான் பாஷை தண்ணி பட்டபாடுன்னு டீக்கடையில சொன்னாங்க" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். டீக்கடையில் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் மறந்துபோச்சு, பேசுனா வந்துரும்" என்றேன். தன் வாயாலே கெட்டதாம் தவளை.

ஜப்பான்காரரை ஒரு லாட்ஜ் அறையில் பார்த்தேன். நோட்டீசில் இருந்த ஆளுக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை. நாற்பது வயதிருக்கும். கட்டையான உடம்பு, நசுங்கிப்போன காதுகள். முன்பல் இரண்டு இல்லை. சாக்ஸில் கிழிசலைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து குனிந்தார். ஜப்பான்காரன் ஒருவன் எனக்குக் குனிந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பதிலுக்கு நானும் குனிந்துவிட்டேன், பழக்கதோஷம். பிறகு எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது.

காண்ட்ராக்டர் அவருடைய பூர்வோத்தரத்தைச் சொன்னார். "இவரு எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்ல அண்ணாச்சி. தனி ஆளு. கல்யாணத்துக்குக் கூப்பிட்டா போற மேளக்காரர் மாதிரி, யாரு கூப்பிட்டாலும் போவாரு. ரங்கூன், சிங்கப்பூர், கராச்சி, பம்பாய், எல்லா ஊரும் பாத்தாச்சு. தோக்கறதுல மன்னன். இப்பிடி ரசிக்கும்படியாத் தோக்கறதுக்கு ஆசியாவுலயே வேற ஆளு கிடையாது."

"தோக்கறதுக்கா சம்பளம்?" என்றேன்.

"பின்ன? உள்ளூர்க்காரன் தோத்தா நாற்காலி பறக்குமே. இது நமக்கும் அவருக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும். உங்க பயில்வானுக்குத் தெரிய வேண்டாம், அந்தாளு ரொம்ப பக்தியா இருக்காப்ல."

பேச்சு தன்னைப் பற்றியது என்று ஜப்பான்காரருக்குப் புரிந்திருக்க வேண்டும். பெட்டியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். பத்திரிகைத் துண்டுகளும் நோட்டீசுகளும் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு படத்திலும் யாரோ ஒரு ஊர்ப் பயில்வான் மேலே, இவர் கீழே. அந்தந்த ஊர் பாஷையில் அந்தந்த ஊர் வெற்றி. பிள்ளைகளின் மார்க் ஷீட்டைக் காட்டும் தகப்பன் மாதிரி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டினார். இவருடைய தொழில் வாழ்க்கையில் ஒரே ஒரு வெற்றிகூட இல்லை, அதைப் பற்றிக் கவலையும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம். சரி, ஒரு ஜப்பான்காரன் மண்ணைக் கவ்வுகிறதைக் கண்ணால் பார்க்கலாம், திட்டம் போட்ட தோல்வியாக இருந்தால்தான் என்ன என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது சேதி எனக்கு முன்னால் வந்திருந்தது. மதினி அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள்.

"ஜப்பான்காரர் வந்திருக்காராம்லா தம்பி? நீதான் அவருகிட்டப் பேசுதியாம்லா?"

"ஆமா மதினி, ஒரு ஒத்தாசைக்கு."

"அப்ப நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வா. உங்க அண்ணன் படத்தக் காட்டிக் கேளு. அவுக ஆளுகதான கூட்டிட்டுப் போனாக? என்ன ஆச்சுன்னு அவுகளுக்குத் தெரியாமலா இருக்கும்?"

"இவரு குஸ்திக்காரரு மதினி. அவருக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லட்டும். கேக்கதுக்கு என்ன? பதினோரு வருசமா உன்கிட்டதான கேக்கேன்."

போட்டி சனிக்கிழமை சாயங்காலம். அன்றைக்கே மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூட்டி வரச் சொன்னாள். அதோடு விட்டாளா? "சனிக்கிழமை வார ஆம்பளைக்கு எண்ணெய் தேய்க்காம சோறு போட்டா நல்லாவா இருக்கும்? காலையிலயே குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போயி நல்லா எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வா. எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, வயிறு நெறயச் சாப்பிட்டவன் பொய் சொல்ல மாட்டான்" என்றாள். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. நான் சனி தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவன்.

சனிக்கிழமை காலை குற்றாலம் போனோம். எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர் எனக்குப் பழக்கம். அருவிக்கரையில் பாறைமேல் ஜப்பான்காரரைக் குப்புறப் படுக்க வைத்ததும் சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது.

"யாரு அண்ணாச்சி இது?"

"ஜப்பான்காரரு வே. சாயங்காலம் நம்ம அச்சன்புதூரானோட குஸ்தி."

"அப்பிடியா சங்கதி! நம்ம ஊரு எண்ணெய்ய அங்கன போயி நாலு பேருகிட்டச் சொல்லணும்லா" என்று எண்ணெய்க்காரர் வழக்கமான அளவைப்போல் மூன்று பங்கு நல்லெண்ணெயைக் கவிழ்த்தார். கழுத்தில் ஆரம்பித்துக் குதிகால்வரை அறை அறை என்று அறைந்து தேய்த்தார். பயில்வான் வலியில் முனகுவார் என்று பார்த்தால் தூங்கிப்போய்விட்டார். எழுப்பி அருவிக்குள் தள்ளினோம். தண்ணீர் தலையில் விழுந்ததும் அந்த மனிதர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! இல்லாத முன்பல் வழியாகத் தண்ணீர் போய் வந்தது. சீயக்காயைக் கையில் கொடுத்தேன். ஒரு துளி கண்ணில் பட்டதும் அதை வீசிவிட்டு ஓடினார். கட்டாயப்படுத்த எனக்குத் தெரிந்த ஜப்பான் மொழியில் இடமில்லை. அப்படியே பளபளவென்று வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

குஸ்திக்குப் போகிறவனுக்கு யாராவது எண்ணெய் தேய்த்து அனுப்புவார்களா என்று நீங்கள் கேட்பது நியாயம். அன்று எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. எங்களுக்கு அது சனிக்கிழமை, அவ்வளவுதான்.

வீட்டில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். கூட அப்பளம். ஜப்பான்காரர் இரண்டு காலையும் மடித்து, முழங்காலில் உட்கார்ந்து, இலையைக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டார். பாதிச் சாப்பாட்டில் மதினி சுவரிலிருந்து அண்ணனுடைய படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, முந்தானையால் துடைத்து, அவருக்கு முன்னால் பிடித்தாள்.

"கேளு தம்பி."

என் மனைவி ரசச் சட்டியோடு நின்று, புருஷன் ஜப்பான் மொழி பேசப்போகிற பெருமையில் மலர்ந்து பார்த்தாள். வேறு வழியில்லை. படத்தைச் சுட்டிக்காட்டி, கேள்வி கேட்கிற ராகத்தில், "இச்சி? நி? சான்?" என்றேன்.

பயில்வான் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். முகம் தெளிந்தது. அப்பளத்தைத் தொட்டுக்காட்டி, இரண்டு விரலை நீட்டி, "நி" என்றார்.

"என்ன சொல்லுதாரு?" என்றாள் மதினி.

"ரெண்டு வருசத்துல வந்துருவாகளாம். காட்டுக்குள்ள இருக்கவுகள எல்லாம் சர்க்காரு கூட்டி அனுப்பப் போகுதாம்."

"அப்பளத்தத் தொட்டுக் காட்டுனாரே?"

"அது அவுக பேசுத பழக்கம் மதினி."

மதினி படத்தைத் திரும்ப மாட்டிவிட்டு வந்து, அவர் இலையில் இரண்டு அப்பளம் வைத்தாள். அவர் சந்தோஷமாக நொறுக்கித் தின்றார்.

சாயங்காலம் நாலரைக்குப் போட்டி. தென்காசியில் ஒரு காலி மைதானத்தில் வைக்கோல் பரப்பி, மேலே தார்ப்பாய் விரித்து, நாலு பக்கமும் கயிறு கட்டியிருந்தார்கள். பெண்களுக்குத் தனியாகத் தட்டி கட்டிய இடம். என் மனைவியும் மதினியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். காண்ட்ராக்டரே நடுவர். மைக் என் கையில். "ஜப்பான் நாட்டுச் சிங்கம்" என்று நான் அறிவித்ததும் கூட்டம் ஊளையிட்டது. நம்ம பயில்வான் திருநீறு பூசிக்கொண்டு தொடையைத் தட்டியபோது சீட்டி பறந்தது.

முதல் ஐந்து நிமிஷம் ஜப்பான்காரர் தன் தொழிலைக் காட்டினார். உறுமினார், பல்லைக் கடித்தார், நம்மாளின் காதைத் திருகினார். கூட்டம் "அடிலே, விடாதலே!" என்று கொதித்தது. பிறகு, நேரம் பார்த்து, தோற்க ஆரம்பித்தார். அங்கேதான் வந்தது வினை. உடம்பு வேர்த்து, மேலே சாரலும் விழுந்ததும், காலையில் ஊறிய நல்லெண்ணெய் முழுக்க வெளியே வந்துவிட்டது. நம்மாள் இடுப்பைப் பிடித்தால் அவர் மேல்பக்கமாக நழுவினார். கழுத்தைப் பிடித்தால் கீழ்ப்பக்கமாக நழுவினார். குளத்தில் விரால் மீனைக் கையால் பிடிக்கிற கதைதான்.

மனிதர் தோற்கப் பட்ட பாடு! தானாகவே மல்லாக்கப் படுத்துக் கையை விரித்துக் கொடுத்தார். நம்மாள் "முருகா!" என்று மேலே பாய்ந்தான். பாய்ந்த வேகத்தில் வழுக்கி மறுபக்கம் கயிற்றில் போய் விழுந்தான். கூட்டம் அதை எப்படிப் பார்த்தது? ஜப்பான்காரன் படுத்துக்கொண்டே நம்மாளை எறிகிறான் என்று பார்த்தது. "ஏலே, வித்தைக்காரன்லே!" என்று ஒருவன் கத்தினான். மறுபடி படுத்தார், மறுபடி இவன் வழுக்கினான். மூன்றாவது தடவை நம்மாள் மூக்கில் ரத்தம். பின்வரிசையில் நாற்காலிகளை மடக்குகிற சத்தம் கேட்டது. உட்கார்வதற்கு யாரும் நாற்காலியை மடக்குவதில்லை.

காண்ட்ராக்டர் வேர்த்து விறுவிறுத்து என்னிடம் ஓடி வந்தார். "ஓய் அண்ணாச்சி, அசையாம நிக்கச் சொல்லும்! ஒரு நிமிஷம் அசையாம நிக்கச் சொல்லும்!"

என் பஸ் டிக்கெட் அளவு அகராதியில் இதற்கு மட்டும் வார்த்தை இருந்தது. மைக்கை வாயருகே கொண்டுபோய், சயாம் காட்டில் எந்தக் குரலில் கேட்டேனோ அதே குரலில், அடிவயிற்றிலிருந்து கத்தினேன்:

"கியோத்ஸ்கே!"

நாலு பக்க ஸ்பீக்கரும் அலறின. ஜப்பான்காரர் பாதி குனிந்திருந்தவர், சட்டென்று நிமிர்ந்தார். குதிகால் இரண்டும் ஒட்டின. கைகள் தொடையோரம் இறங்கின. கண் நேராக, எங்கேயோ. மூச்சுக்கூட விடவில்லை. நம்மாள் திகைத்துப்போய்ப் பக்கத்தில் வந்து, நெஞ்சில் ஒரு விரலை வைத்துத் தள்ளினான். அவர் வெட்டின பனைமரம் மாதிரி அப்படியே சாய்ந்தார். காண்ட்ராக்டர் பாய்ந்து விழுந்து அவசர அவசரமாக மூன்று எண்ணினார். மைதானம் அதிர்ந்தது. இன்றைக்கும் அச்சன்புதூர்ப் பக்கம் கேட்டுப்பாருங்கள், ஜப்பான்காரனை ஒத்தை விரலால் சாய்த்த கதை சொல்வார்கள்.

ஆனால் கூட்டம் அப்படிச் சிரித்தது பயில்வானைப் பார்த்து மட்டும் இல்லை. மைக்கைத் தொடையோரம் ஒட்டவைத்துக்கொண்டு, குதிகால் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி நானும் விறைத்து நின்றுகொண்டிருந்தேன். என் உத்தரவுக்கு நானே கீழ்ப்படிந்திருக்கிறேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. என் மனைவிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் மதினி மட்டும் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கயிற்றைத் தாண்டி வெளியே வந்த ஜப்பான்காரர் என் முன்னால் வந்து நின்றார். முகத்தில் உறுமலும் இல்லை, சிரிப்பும் இல்லை. "மலாயா?" என்றார் மெதுவாக.

தலையாட்டினேன். "சயாம்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மத்தியானம் பார்த்த படம் அவர் நினைவுக்கு வந்ததை அவர் கண்ணிலேயே பார்த்தேன். காண்ட்ராக்டர் வந்து அவரை இழுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. ஜப்பான்காரர் மட்டும் இறங்கி, செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டுவிட்டு உள்ளே வந்தார். நேரே படத்துக்கு முன்னால் போனார். நேற்று நின்ற மாதிரியே குதிகால் சேர்த்து நின்றார். பிறகு இடுப்பிலிருந்து குனிந்தார். நிமிரவே இல்லை. நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன், எந்த பாஷையில் என்று சொல்ல வேண்டியதில்லை. பத்து வரை போய், திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணினேன். நிமிர்ந்ததும் மதினியைப் பார்த்து அதேபோல் ஒருமுறை குனிந்தார். போய் வேனில் ஏறினார். அடுத்த ஊரில் தோற்க வேண்டியிருந்தது அவருக்கு.

"என்ன சொன்னாரு?" என்றாள் மதினி.

"ஒண்ணும் சொல்லல மதினி."

"பரவால்லியே. இந்தத் தடவ சரியாச் சொல்லிட்ட."

மதினி படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். என் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"ஆடி அமாவாசைக்கு நீ ஒரு கை கூட விடுதது எனக்கு நாலு வருசமாத் தெரியும்" என்றாள். "அந்த ஐயருக்கு ஓட்ட வாயி."

"தெரிஞ்சுமா மதினி இந்தப் பூவும் பொட்டும்?" என்றேன்.

"பின்ன என்ன செய்யச் சொல்லுத? நான் பொட்ட அழிச்சா ஊரு யாரக் கேக்கும்? என்னலே, இத்தன வருசமா ஒரு பொம்பளைய ஏமாத்துனியான்னு உன்னத்தான கேக்கும். கடை வாசல்ல நின்னு அத்தன சத்தமா எண்ணுத. அதுக்கப்பறம் அந்த வாய வச்சுக்கிட்டு எங்க போயி நிப்ப?"

பதினோரு வருஷம் நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய மனுஷன்! அதில் நாலு வருஷம் அவள் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உங்க அண்ணன் போயிட்டாருன்னு நீயா ஒரு நாள் சொல்லுவன்னு இருந்தேன். அந்த ஜப்பான்காரரு முன்னால உக்கார வச்சாலாவது வாயத் தொறப்பன்னு பாத்தேன். நீ என்னடான்னா அப்பளத்துக்கு அர்த்தம் சொல்லுத." சிரிக்க முயன்றாள், முடியவில்லை. "நேத்து அந்த வார்த்தயக் கத்திட்டு நீயே வெறச்சு நின்ன பாத்தியா, அப்பதான் எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ ஆயிருச்சு. அவரு போனது தெரியும். எப்பிடிப் போனாருன்னுதான் தெரியாது. சொல்லு தம்பி. கடைசியில அவருக்குத் தண்ணி யாரு ஊத்துனா?"

இந்தக் கேள்வியிலிருந்து தப்பத்தான் நான் தென்காசி ஸ்டேஷனில் பொய் சொன்னது. செத்ததைச் சொன்னால் அடுத்த கேள்வி இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"யாரும் ஊத்தல மதினி" என்றேன். "காலையில வரிசையா நிக்க வச்சு எண்ணுவானுக. நாங்களேதான் எண்ணணும். அண்ணன் பத்தடி தள்ளி சாக்குமேல கெடந்தான். 'தம்பி, தண்ணி'ன்னான். அதுக்கு முன்னாலயே அந்த வார்த்தயச் சொல்லிட்டானுக. அசையக் கூடாது. நான் அசையல. அவன் மறுபடி கூப்பிட்டான். எண்ணிக்கிட்டே வாரானுக, இச்சி, நி, சான், சி. என் முறை வந்தது. 'கோ'ன்னு சத்தமாச் சொன்னேன். எல்லாம் முடிஞ்சு போய்ப் பாத்தா கண்ணு நிலைகுத்திருச்சு."

மதினி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். ரொம்ப நேரம் கழித்து எழுந்து அடுக்களைக்குள் போனாள். பானை மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் செம்பு இருந்தது. படத்துக்கு முன்னால் வைக்கப்போகிறாள் என்று நான் ஒதுங்கி நின்றேன்.

அதை என்னிடம் நீட்டினாள். "நீயும் அன்னைக்குத் தண்ணி குடிச்சிருக்க மாட்ட. குடி" என்றாள்.

குடித்தேன். அந்த அமாவாசைக்கு மதினியும் குற்றாலத்துக்கு வந்தாள். படத்துக்கு மாலை போட்டோம். ஊர் என்னை என்ன கேட்குமோ கேட்டது, நானும் சொன்னேன். அன்று சாயங்காலம் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழில் எண்ணினேன். டீக்கடையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.